மேமியோவில் தேக்கால் எழுந்த ஆங்கிலக் கிராமத்து வீடு: மூன்று இரவுகள் தங்கிப் பார்த்தது

வெளிவாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது முகப்பின் முக்கோணச் சுவர்தான். வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்புச் சட்டங்கள் நெடுக்காகவும் குறுக்காகவும் சாய்வாகவும் ஓடுகின்றன. அதற்கு மேலே செங்குத்தான கூரை. கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் செங்கல் புகைபோக்கி. இங்கிலாந்தின் பழைய கிராமத்து வீட்டைப் படத்தில் பார்த்தவர் எவரும் இதைப் பார்த்தவுடன் அடையாளம் சொல்லிவிடுவார். மரவேலையே குலத்தொழிலாகிவிட்ட எனக்கு அந்தச் சட்டங்களைத் தட்டிப் பார்க்காமல் படியேற மனம் வரவில்லை. தட்டியபோது கேட்டது மரத்தூணின் கனத்த ஓசை அன்று, பலகையின் ஓசை. கீழ்த்தளத்துச் சுவர் முழுவதும் செங்கல். அதன் மேல் ஓர் அங்குலக் கனமுள்ள தேக்குப் பலகைகளை ஆணியடித்துக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். சுவரைத் தாங்குவதாகத் தோன்றும் மரங்களை உண்மையில் சுவர்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஏமாற்றத்தோடுதான் உள்ளே போனேன். மூன்றாம் நாள் மச்சிலிருந்து இறங்கி வந்தபோது அந்த எண்ணத்தை நான் பெரிதும் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து அறைகள் மட்டுமே உள்ள இந்த விடுதியின் பெயரையும் தெருவையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அறிந்தவர் சொல்லி வருகிறவர்களே போதும் என்பது அவர் எண்ணம். எனவே மியான்மரின் பியின் ஊ லுவினில், உயர்ந்த மரங்கள் சூழ்ந்த பெரிய வளவுக்குள் நிற்கும் பழைய வீடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் பெரியவர்கள் இன்றும் மேமியோ என்றே சொல்லும் இந்த ஊரில் இதே வகையைச் சேர்ந்த வீடுகள் பல இருப்பதால், வேறொன்றில் தங்கப் போகிறவர்களுக்கும் இக்குறிப்பு உதவும். மே என்ற ஆங்கிலப் படைத்தளபதியின் பெயரோடு, ஊர் என்று பொருள்படும் ‘மியோ’ என்ற பர்மியச் சொல் சேர்ந்து பிறந்த பெயர் அது. மண்டலேயிலிருந்து ஏறத்தாழ 42 மைல் தொலைவில், சுமார் 3,500 அடி உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்குத்தான் இன்று யாங்கோன் எனப்படும் ரங்கூனின் வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேய அரசு கோடைதோறும் இடம்பெயர்ந்தது. அதிகாரிகளும் தேக்குக் கம்பெனிக்காரர்களும் இங்கே தாங்கள் விட்டுவந்த நாட்டின் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் தன் ஊழியர்கள் ஓய்வெடுக்கக் கட்டிய காண்டகிரெய்க் மாளிகை அவற்றுள் பெயர் பெற்றது.

இனிப் பலகைக்கு வருகிறேன். இந்தப் பொய் முகப்பை மேமியோவின் கொத்தனார்கள் கண்டுபிடிக்கவில்லை; இங்கிலாந்திலேயே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றிய வழக்கம் அது. ரிச்சர்ட் நார்மன் ஷா முதலிய கட்டடக் கலைஞர்கள் தெற்கு இங்கிலாந்தின் பழைய பண்ணை வீடுகளை ஊர் ஊராகப் போய்ப் படம் வரைந்து, அவற்றின் கூரைச் சாய்வையும் நெடிய புகைபோக்கிகளையும் மரச்சட்ட முகப்பையும் செல்வந்தர்களின் புதிய மாளிகைகளுக்குக் கொண்டுவந்தார்கள். நார்தம்பர்லாந்தில் ஷா விரிவாக்கிய கிராக்சைடு மாளிகையில் உறுதியான கல் சுவர்களின் உச்சியில் மரச்சட்ட முக்கோணங்கள் அமர்ந்திருக்கின்றன. அங்கே கட்டடம் நிற்பதற்கு அந்த மரம் தேவையே இல்லை, பார்வைக்குத்தான் தேவை. அந்த ரசனை கப்பலேறிச் சிம்லாவுக்கும் உதகைக்கும் போனது போலவே மேமியோவுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே, நம் விடுதியின் அறையில் மேசைமேல் வைத்திருக்கும் அட்டையில் ‘ஷேக்ஸ்பியர் காலத்து வீட்டின் நேர்ப்படி’ என்று எழுதியிருப்பது தவறு. இது படியின் படி. உரிமையாளர் அந்த அட்டையை எடுத்துவிட்டு, உண்மையை நான்கு வரியில் எழுதி வைத்தால் வீட்டின் மதிப்பு கூடுமே தவிரக் குறையாது.

உண்மையான பழைய வீடு எப்படிப்பட்டது என்பதை 2018இல் மகன் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸில் சிங்கிள்டன் என்னும் சிற்றூரை அடுத்து வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. நீர்த்தேக்கத்தில் மூழ்க இருந்த கெண்ட் பகுதிப் பண்ணை வீடொன்றைச் சட்டம் சட்டமாகக் கழற்றி எடுத்து வந்து அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பேலீஃப் என்று அதற்குப் பெயர், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீட்டைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அப்படிக் கழற்றவும் பூட்டவும் முடிந்ததன் காரணத்தைத்தான் நான் அங்கே நெடுநேரம் நின்று பார்த்தேன். அந்த வீட்டின் சுமை முழுவதையும் மரக்கூடு ஏற்கிறது. ஒரு சட்டத்தின் முனையை நாக்கு போலச் செதுக்கி, மற்றொன்றில் குடைந்த துளைக்குள் செலுத்தி, இரண்டையும் ஊடுருவ மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள். தச்சர்கள் பட்டறை முற்றத்திலேயே கூட்டை முழுதாகப் பூட்டிச் சரிபார்த்து, எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று உளியால் குறியிட்டு, பிறகு பிரித்து மனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சுவர் என்பது அந்தக் கூட்டின் இடைவெளிகளை அடைக்கும் திரை மட்டுமே.

அந்தத் திரையும் நமக்கு அந்நியமானது அன்று. சட்டங்களுக்கு நடுவே குச்சிகளை நிறுத்தி, விளாறுகளைக் குறுக்கே பின்னி, களிமண்ணோடு வைக்கோலும் சாணமும் சேர்த்துப் பிசைந்து இரு பக்கமும் அப்பிச் சுண்ணாம்பு பூசுவார்கள். நம் ஊர்களில் வரிச்சுக் கட்டி மண் வைத்த சுவரை அறிந்தவர் எவரும் இதைப் பார்த்தால் கை வைத்துத் தடவுவார். என் பாட்டி கடைசிவரை நினைவில் வைத்துப் பேசிய சிவகங்கைப் பக்கத்து வீடும் அந்த ஆங்கில உழவனின் வீடும் சுவரளவில் ஒரே வீடுதான். பேலீஃபின் நடுக்கூடத்துக்கு மேல்தளமோ புகைபோக்கியோ கிடையாது. தரையின் நடுவே அடுப்பு எரியும்; புகை தானாக மேலேறிக் கூரையின் இடுக்குகளில் வெளியேறும். இத்தகைய வீடுகளின் கைமரங்களில் 600 ஆண்டுக் கரி இன்னும் அப்பியிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் செங்கல் புகைபோக்கி பரவிய பிறகுதான் புகை ஒரு குழாய்க்குள் அடங்கியது. கூடத்தின் மேல் பலகைத் தளம் போட்டு மாடி எடுக்க முடிந்தது. அதனால்தான் புகைபோக்கி அந்த வீடுகளின் அழகுறுப்பு மட்டும் அன்று. வீட்டை இரண்டு தளமாக்கியதே அதுதான்.

கறுப்பு வெள்ளையைப் பற்றியும் ஒரு சொல். சஃபோக் பகுதியின் லேவன்ஹம் ஊரில் பழைய வீடுகளின் ஓக் மரம் சாம்பல் வெள்ளியாக வெளிறி நிற்கிறது. பல வீடுகளில் மரத்தையும் சுவரையும் சேர்த்தே சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். மரத்தைக் கறுப்பாக்கிச் சுவரை வெளுப்பாக்கி இரண்டையும் மோதவிடும் பழக்கம் விக்டோரியா காலத்தில்தான் எங்கும் பரவியது. மேமியோ வீட்டுக்காரர் தேக்கின் மேல் கறுப்புச் சாயம் பூசியதை என்னால் மனமுவந்து ஏற்க முடியவில்லை. உலகம் தேடிவந்த மரத்தை, அது விளைந்த நாட்டிலேயே, தார் பூசிய மரம் போலக் காட்டுவதற்கு என்ன அவசியம்?

அந்த முகப்பைக் கடந்தால், இங்கிலாந்தைச் சிறிது சிறிதாகக் கைவிட்டு மழைக்கும் வெயிலுக்கும் இணங்கிய வீடு தெரிகிறது. வண்டி வந்து நிற்க முன்னால் தூண் மண்டபம். குதிரை வண்டியிலிருந்து இறங்குகிறவர் மழையில் நனையாமல் படியேறலாம். தரைமட்டத்திலிருந்து மூன்றடி உயர்த்திய அடித்தளம். சுவரைத் தாண்டி நான்கடி வெளியே நீளும் இறவாரம். ஆங்கிலக் கிராமத்து வீட்டில் இத்தனை நீளம் இருக்காது, ஏனெனில் அங்கே குறைந்த வெளிச்சத்தை மறைத்துவிடக் கூடாது. தெற்கில் நீண்ட தாழ்வாரம். வைக்கோல் வேய்ந்த கூரைக்கு வேண்டிய செங்குத்துச் சாய்வை, தகரக் கூரைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வைக்கோல் கூரையில் நீர் தங்காமல் வழிய 45 பாகைக்கு மேற்பட்ட சாய்வு வேண்டும். தகரத்துக்கு அது தேவையில்லை. ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சாய்வால் கிடைத்த உயர்ந்த மச்சு, கூரையின் சூட்டை அறைகளுக்கு இறங்கவிடாமல் நடுவில் தேக்கிவைக்கிறது. பகலில் வெயில் ஏறியபோதும் மாடியறை குளுமையாகவே இருந்தது.

உள்ளே நுழைந்ததும் இரண்டு தள உயரத்துக்குத் திறந்த கூடம். அதன் மூன்று பக்கமும் மாடி நடை சுற்றிவர, அதற்கு ஏறும் படிக்கட்டு பாதியில் திரும்பி மேலே போகிறது. பழைய பண்ணை வீட்டின் கூடத்தை நினைவூட்டத்தான் இப்படித் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே புகை ஏற விட்ட உயரம், இங்கே காற்று ஏற விட்ட உயரமாகிவிட்டது. படிக்கட்டு இந்த வீட்டின் மிகச் சிறந்த பொருள். கைப்பிடியின் வளைவில் ஒட்டுத் தெரியவில்லை; நூறாண்டாக மனிதர் கை வழுக்கி வழுக்கி அது எண்ணெய் பூசியது போல மின்னுகிறது. ஒரு படியும் கிறீச்சிடவில்லை. என் மனைவி முழங்கால் வலிக்காரி; படியின் உயரம் குறைவாகவும் அகலம் தாராளமாகவும் இருப்பதால் துணையின்றி ஏறி இறங்கினாள்.

கூடத்தின் கணப்பு ஒரு சிறிய அறை அளவுக்குப் பெரியது. ஆங்கில உழவர் வீட்டில் கணப்பின் வாய்க்குள்ளேயே இரு பக்கமும் பலகை போட்டு முதியவர்களைக் குளிருக்கு உட்கார வைப்பார்கள். அந்த ஏற்பாட்டை இங்கே அப்படியே செய்திருக்கிறார்கள். வாய்க்கு மேலே ஒற்றைத் தேக்கு உத்திரம், ஒரு முழ உயரம், இரண்டு ஆள் நீளத்துக்கும் மேல். இதுவாவது உண்மையில் சுமை தாங்குகிறதா என்று விரலால் தட்டினேன். கல் போல ஒலித்தது. சனவரி இரவின் குளிரில் அதற்குள் உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஆசையோடு வந்திருந்தோம். அது முடியவில்லை. 2025 மார்ச் 28ஆம் நாள் மண்டலேயைக் குலைத்த 7.7 அளவு நிலநடுக்கத்தில் இந்த வீட்டுப் புகைபோக்கியின் தலை ஒடிந்து கூரையில் விழுந்துவிட்டதாம். உடைந்த தலையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள், ஆனால் உள்ளே குழாய் பிளந்திருக்கக்கூடும் என்பதால் தீ மூட்டுவதில்லை. முன்பதிவின்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதுதான் எங்கள் குறை. தீ மூட்டாததற்காக நான் அவர்களைப் பாராட்டவே செய்கிறேன்.

அந்த நிலநடுக்கம் இந்த வீட்டை வகுந்து காட்டிவிட்டது என்றே சொல்ல வேண்டும். கீழ்த்தளச் செங்கல் சுவர்களில், குறிப்பாகச் சன்னல் மூலைகளிலிருந்து, சாய்வான வெடிப்புகள் ஓடுகின்றன. பலகை அறைந்த இடங்களில் வெடிப்பு பலகைக்குப் பின்னால் ஒளிந்து மறுபக்கம் வெளிவருகிறது. மாடிச் சுவர்களிலோ பூச்சு உதிர்ந்திருக்கிறதே தவிர, ஒரு சட்டமும் விலகவில்லை. முதல் நாளே இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்க வேண்டும். பலகையின் மேலிருந்த கோபத்தில் கவனிக்கத் தவறினேன். இரண்டாம் நாள் மாலை, வீட்டைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் தமிழ்ப் பெரியவரிடம் மாடி மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டேன்.

“கீழேதான் செங்கல், தம்பி. மேலே பூராவும் மரம். மச்சுல ஏறிப் பாத்தா தெரியும். தூசியா இருக்கும், பரவாயில்லையா?” என்றார்.

“தூசியோடுதானே ஐயா என் பிழைப்பே” என்றேன்.

மறுநாள் காலை ஏணி வைத்துக் கொடுத்தார். ஏறியபோதுதான் இந்த வீட்டின் உண்மை புரிந்தது. மாடித்தளம் முழுவதும் எட்டு அங்குலச் சதுரத் தேக்குத் தூண்களால் ஆன கூடு. வெளிப்பக்கம் பார்த்தால் கீழே இருக்கும் பலகையும் மேலே இருக்கும் தூணும் ஒரே சாயத்தில் ஒன்று போலவே தெரிகின்றன. உள்ளே போனால்தான் மேலே இருப்பவை தூண்கள் என்று தெரிகிறது. தூணின் தலை நாக்காகி விட்டத்துக்குள் போகிறது. மூலைகளில் சாய்வுச் சட்டம் இரண்டையும் பிணைக்கிறது. பொருத்துகளின் இரு பக்கமும் உளிக்கீறல்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்காவதற்குக் கோணலாக ஒரு வெட்டு. பேலீஃபில் பார்த்த குறிகளுக்கும் இதற்கும் பாணியில் வேறுபாடு உண்டு, நோக்கம் ஒன்றே. எங்கள் பட்டறையில் கதவு நிலை செய்யும்போது என் தகப்பனார் இதே போல்தான் கீறுவார். தரையில் பூட்டிப் பார்த்துப் பிரித்து மேலே ஏற்றிய கூடு இது. ஆட்டத்தில் இந்தப் பொருத்துகள் ஒவ்வொன்றும் மயிரிழை நெகிழ்ந்து கொடுத்திருக்கும். நெகிழத் தெரியாத செங்கல் வெடித்துவிட்டது.

கூரைத்தாங்கி மட்டும் இடைக்கால ஆங்கிலத் தச்சருடையது அன்று. கெண்ட் பகுதியின் பழைய கூரைகளில் விட்டத்தின் நடுவே ஒரு குட்டைத்தூண் ஏறி நின்று மேலுள்ள சட்டத்தைத் தாங்கும். அது சுமை தாங்கி. இங்கே விட்டத்தின் நடுவே தெரியும் கம்பமோ எதையும் தாங்கவில்லை. கைமரங்கள் இரண்டும் உச்சியில் அதை இறுகப் பிடித்துத் தொங்கவிட்டிருக்கின்றன. அதன் அடியில் இரும்புப் பட்டை சுற்றி, நீண்ட விட்டம் நடுவில் தொய்ந்துவிடாமல் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த ரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் காணும் அதே அமைப்பு. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றும். ஒன்று கால், மற்றொன்று கை.

இரும்புப் பட்டையைச் சுற்றி மரம் சிறிதும் கறுக்கவில்லை என்பதை விளக்கடித்துப் பார்த்தேன். ஓக்காக இருந்தால் இது நடக்காது. கடுக்காய்ச் சாற்றில் இரும்பு பட்டால் கறுப்பு மையாவதை நம் பெரியவர்கள் அறிவார்கள். கடுக்காயில் உள்ள துவர்ப்பு ஓக்கிலும் உண்டு. ஈரமான ஓக்கில் அடித்த இரும்பாணி மரத்தைக் கறுக்கவைத்துத் தானும் அரித்துப்போகும். ஆங்கிலத் தச்சர் மர ஆணியையே நம்பியதற்கு அதுவும் ஒரு காரணம். தேக்கில் உள்ள எண்ணெய் இரும்பை அரிக்காது. கப்பல் கட்டுவோர் தேக்கைத் தேடிப் பர்மாவின் மோல்மீன் துறைமுகத்துக்கு வந்ததும், கப்பல் கட்டுமிடத்தில் வேலை தேடி என் பாட்டனார் கடல் கடந்ததும் அதனால்தான்.

இரண்டு மரங்களையும் பதப்படுத்துவதில் உள்ள வேறுபாட்டையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஓக் காய்ந்தால் உளி இறங்காது என்பதால், வெட்டிய மரத்தை ஈரத்தோடேயே செதுக்கிக் கூட்டிவிடுவார்கள். வீடு கட்டி முடித்த பிறகுதான் மரம் ஆண்டுக்கணக்கில் காயும், சுருங்கும், முறுகும். பொருத்து தளர்ந்துவிடாதிருக்க, நாக்கில் உள்ள துளையைச் சற்று விலக்கிக் குடைவார்கள். காய்ந்த மர ஆணி அந்த விலகலில் வளைந்து இறங்கும்போது இரண்டு சட்டங்களையும் இழுத்து நெருக்கிவிடும். ஆங்கிலக் கிராமத்து வீடுகள் ஒன்று தோளிலும் ஒன்று இடுப்பிலும் சாய்ந்து நிற்பது போலத் தெரிவதில் அந்தப் பச்சை மரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பர்மாக் காட்டில் இதற்கு நேர்மாறு. நிற்கும் தேக்கின் அடியில் பட்டையையும் வைரமேறாத வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படியே விட்டுவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே உயிர்விட்டுக் காயும். பச்சைத் தேக்கு ஆற்றில் மூழ்கிவிடும். காய்ந்தது மிதந்து வரும். யானை இழுத்துத் தெப்பம் கட்டி ஐராவதியில் வந்து சேர்ந்த அந்த மரம், தச்சர் கைக்கு வரும்போதே சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்திருந்தது. மேமியோவின் இந்தக் கூடு நூறாண்டு கழித்தும் நூல் பிடித்தாற்போல நிமிர்ந்து நிற்பது அதனால்தான். ஆங்கில வீட்டின் வளைவுநெளிவை இங்கே எதிர்பார்த்து வருகிறவருக்கு இது சற்று விறைப்பாகத் தெரியலாம். எனக்கு மனம் நிறைந்தது.

குறைகளுக்கு வருகிறேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு மாடிச் சட்டங்களுக்கு இடையே உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சைச் சிமெண்டால் ஒட்டியிருக்கிறார்கள். இது உடனே நிறுத்த வேண்டிய வேலை. மரம் மழையில் விரிந்து வெயிலில் சுருங்கும், சிமெண்ட் அசையாது. இரண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி விழும். சாரல் அதற்குள் இறங்கும். சுண்ணாம்பாக இருந்தால் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவிடும். தேக்கே ஆனாலும் ஓயாமல் ஈரத்தில் நின்றால் அடிச்சட்டம் மெல்ல மெல்ல இற்றுப்போகும். வடமேற்கு மூலையில் பேனாக் கத்தியை வைத்துப் பார்த்தேன். கால் அங்குலம் எளிதாக இறங்கியது. இங்கிலாந்தில் பழைய வீடுகளை இதே தவறால் கெடுத்துப் பாடம் கற்றிருக்கிறார்கள். வில்லியம் மோரிஸ் முதலியோர் 1877இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் இன்றும் சுண்ணாம்பைத்தான் பரிந்துரைக்கிறது. செட்டிநாட்டில் சுண்ணாம்புப் பூச்சைக் கண்ணாடி போல இழைத்த கைகளின் வழிவந்த நமக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. உரிமையாளரிடம் இதை நேரில் சொன்னேன்; பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

எங்கள் அறையில் பழைய சன்னல்களுள் ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கிறது. சிறு சிறு கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் கோத்து, வெளிப்பக்கம் திறக்கும்படி செய்த சன்னல் அது. பெரிய கண்ணாடி வார்க்கத் தெரியாத காலத்தில் தேவையால் பிறந்த அந்த அமைப்பை, பெரிய கண்ணாடி கிடைத்த பிறகும் அழகுக்காகத் தொடர்ந்திருக்கிறார்கள். காலை வெயில் அதன் வழியே விழும்போது ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு கோணத்தில் ஒளிர்கிறது. மற்ற இரண்டையும் எடுத்துவிட்டு அலுமினியச் சட்டத்தில் நழுவும் கண்ணாடி போட்டுவிட்டார்கள். பழையவற்றை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதற்குப் பெரியவர் வண்டிக்கொட்டகையைக் காட்டினார்; போய்ப் பார்த்தேன், சட்டங்கள் கெடவில்லை, ஈயம் மட்டும் பெயர்ந்திருக்கிறது. திருத்திவிடலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். படுக்கை நல்லது, போர்வை போதுமானது. குளியலறையில் வெந்நீர் மின்சாரம் இருக்கும் நேரத்தில் மட்டும் வரும். மின்வெட்டு நேரத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மாடிக் கூடத்தில் வெள்ளைக் குழல்விளக்கு போட்டிருப்பது தேக்கின் நிறத்தைக் கொன்றுவிடுகிறது. காலை உணவுக்கு மொஹிங்கா என்னும் மீன்குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸும் உள்ளூர்க் காப்பியும் தருகிறார்கள். முந்திய இரவே சொன்னால் பெரியவரின் வீட்டம்மா தோசை வார்த்துக் கொடுக்கிறார், தேங்காய்ச் சட்டினியில் மேமியோவின் பச்சைமிளகாய் சற்றுத் தூக்கல். வாடகை யாங்கோனில் நடுத்தர விடுதியொன்றில் இரண்டு இரவுக்குக் கொடுப்பதை ஓர் இரவுக்குக் கேட்கிறார்கள். வெறும் படுக்கைக்கு அது அதிகம். மரம், கட்டடம், பழந்தச்சு ஆகியவற்றில் விருப்பமுள்ளவர் தயங்காமல் கொடுக்கலாம். மாடியில் கிழக்கு அறையைக் கேட்டு வாங்குங்கள், ஈயச் சன்னல் அங்கேதான் இருக்கிறது. படியேற முடியாதவர்களுக்குக் கீழே ஓர் அறை உண்டு, ஆனால் அது பலகையறைந்த செங்கல் பகுதி.

புறப்படும் நாளில் உரிமையாளரிடம் ஒன்று கேட்டேன்: மச்சின் ஏணியை நிலையாக வைத்து, ஒரு விளக்கும் போட்டு, விரும்பும் விருந்தினரை ஏற்றிக் காட்டலாமே என்று. ஏணிக்குக் கைப்பிடி இல்லை, யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் அஞ்சினார். கைப்பிடியை நான் செய்து தருகிறேன் என்றேன். பெரியவர் அளவுநாடாவைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினொன்றரை அடி ஏணி, பன்னிரண்டு படி. மாசியில் மரத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஈயச் சன்னல்கள் இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.